9, 10-ஆம் வகுப்புப் பல்லுறுப்புக் கோவைகள்: கையால் செய்து பார்த்துப் புரிய வைக்க என்ன வழி?

மாலைமணி (வண்ணாரப்பேட்டை):

எல்லோருக்கும் வணக்கம். வடசென்னையில் ஓர் அரசு உதவிபெறும் பள்ளியில் 9, 10-ஆம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். தமிழ் வழி, ஆங்கில வழி இரண்டும் உண்டு.

என் கவலை இதுதான். காரணிப்படுத்தச் சொன்னால் பிள்ளைகள் கடகடவென்று போட்டுவிடுகிறார்கள். x² + 5x + 6 என்றால் "பெருக்கினால் 6, கூட்டினால் 5" என்று இரண்டு எண்ணைக் கண்டுபிடித்து (x + 2)(x + 3) என்று எழுதிவிடுவார்கள். அதே பிள்ளையிடம் "இதன் வரைபடம் x அச்சை எங்கே வெட்டும்?" என்று கேட்டால் முழிக்கிறது. காரணி, பூச்சியம் (கோவையின் மதிப்பு 0 ஆகிற x), வரைபடம் மூன்றும் ஒரே சங்கதி என்பது மனசில் ஏறவில்லை. தொகுமுறை வகுத்தல் (உறுப்புகளின் எண்களை மட்டும் வைத்து வகுக்கும் குறுக்கு வழி) தெரியும், அது எதற்கு என்று தெரியாது.

தொடக்க வகுப்புகளில் செயல்வழிக் கற்றலில் வளர்ந்த பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-லேயே அது வந்துவிட்டது. உயர்நிலை வகுப்புக்கு வந்ததும் கையில் பொருளே இல்லை, கரும்பலகை மட்டும்தான். உங்கள் வகுப்பில் உண்மையிலேயே பலன் தந்த செயல்பாடுகளைச் சொல்லுங்கள். ஒட்டி, வெட்டி, கலர் அடித்துச் சுவரில் மாட்டுவதோடு முடிகிற வேலை வேண்டாம். கையால் செய்தது நோட்டில் கணக்காக இறங்க வேண்டும்.

அம்பத்தூர்கணக்கு:

வணக்கம் சார். முதலில் இயற்கணித அட்டைகளில் தொடங்குங்கள். ஆண்டர்சன் தெருவில் கெட்டி அட்டை மலிவாகக் கிடைக்கும். x பக்கமுள்ள சதுரம், x நீளமும் ஓர் அலகு அகலமும் உள்ள பட்டை, ஓர் அலகுச் சதுரம், இந்த மூன்று வடிவம் போதும்.

வெட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள். அலகு 2 செ.மீ. என்றால் x-ஐ 8 செ.மீ. என்று வெட்டாதீர்கள். பிள்ளைகள் அலகுச் சதுரத்தைப் பட்டைமேல் வரிசையாக வைத்துப் பார்த்து "மிஸ், x-ன்னா 4" என்று முடித்துவிடுவார்கள். நான் 7.3 செ.மீ. என்று வெட்டுகிறேன். அலகுகளை எப்படி அடுக்கினாலும் முழுசாகப் பொருந்தாது. x என்பது இன்ன நீளம் என்று தெரியாமலே வேலை செய்ய வேண்டியிருக்கிறது, மாறி என்பதே அதுதானே.

ஒரு சதுரம், ஐந்து பட்டை, ஆறு அலகு கொடுத்து "செவ்வகம் ஆக்கு" என்பேன். கட்டி முடித்ததும் பக்க அளவுகளைப் படித்தால் x + 2, x + 3. அடுத்து ஓர் அலகைத் திரும்ப எடுத்துக்கொண்டு x² + 5x + 5-க்குச் செவ்வகம் கேட்பேன். எப்படித் திருப்பினாலும் வராது. அந்த வராத கணக்கில்தான் நல்ல பேச்சு கிளம்பும். "ஒரு பட்டையைக் கூடுதலாகக் கொடுங்க மிஸ், ஆயிடும்" என்று ஒரு பெண் சொன்னாள். கொடுத்தேன், x² + 6x + 5 ஆனது, (x + 1)(x + 5) என்று கட்டிவிட்டாள். எந்தெந்த எண்களுக்குச் செவ்வகம் வரும் என்ற கேள்வி அதன் பிறகு தானாக வந்தது.

பத்தாம் வகுப்பில் வர்க்கப் பூர்த்தி முறைக்கும் இதே அட்டைதான். x² + 6x-ஐச் சதுரமாக அடுக்கச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் மும்மூன்று பட்டை வைத்ததும் மூலையில் ஒரு பள்ளம் தெரியும், அதை நிரப்ப 9 அலகு வேண்டும். "x-இன் கெழுவில் பாதியை வர்க்கப்படுத்திக் கூட்டு" என்ற வரியை அதற்குப் பிறகு நான் சொல்ல வேண்டியதே இல்லை.

கட்டம்போட்டநோட்டு:

அட்டை முறையில் குறை எண்கள் வரும்போது சிக்கல் உண்டே மேடம்? x² − x − 6-க்கு என்ன செய்வீர்கள்?

அம்பத்தூர்கணக்கு:

உண்டு. அட்டையின் முன்பக்கம் நீலம், பின்பக்கம் சிவப்பு அடித்து, சிவப்பு என்றால் குறை என்று வைத்துக்கொள்வோம். x² − x − 6-க்கு ஒரு சதுரம், ஒரு சிவப்புப் பட்டை, ஆறு சிவப்பு அலகு. செவ்வகம் வர வேண்டுமானால் நீலப் பட்டை இரண்டு, சிவப்புப் பட்டை இரண்டு சேர்த்து வைக்க வேண்டும். ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பூச்சியம் ஆகிவிடுவதால் கோவையின் மதிப்பு மாறாது. (x + 2)(x − 3) வரும். ஒரே ஒரு கணக்கு இப்படிச் செய்து காட்டிவிட்டு அட்டையை எடுத்து வைத்துவிடுவேன். இதற்கு மேல் போனால் பிள்ளைக்கு அட்டையின் விதியே தனிப் பாடமாகிவிடுகிறது. பிறகு நோட்டில் 2×2 கட்டம் போட்டு உறுப்புகளை எழுதிப் பெருக்கும் முறைக்கு மாறிவிடலாம். அட்டையில் கை பழகியவர்களுக்குக் கட்டம் உடனே பிடிபடும்.

பத்தாம்வகுப்புஅம்மா (வேளச்சேரி):

நான் ஆசிரியர் இல்லை, என் மகள் இந்த ஆண்டு பத்தாவது. நீங்கள் சொல்வதெல்லாம் படிக்க ஆசையாக இருக்கிறது. ஆனால் போர்ஷன் எப்போது முடியும்? திருப்புதல் தேர்வு, மாதிரித் தேர்வு என்று வரிசையாக இருக்கிறதே. அட்டை வெட்டிக்கொண்டிருந்தால் எட்டு மார்க் வரைபடக் கேள்வியை யார் சொல்லிக்கொடுப்பது?

கட்டம்போட்டநோட்டு:

அம்மா, உங்கள் கேள்வி நியாயமானது. நான் போரூரில் மாலை வகுப்பு எடுக்கிறேன், நேரம் எனக்கும் குறைவுதான். அதனால் ஒரு செயல்பாட்டை நடத்தினால் அதிலிருந்து மூன்று நான்கு பாடப் பகுதிகளை எடுத்துவிடுவேன். எனக்கு இதில் முதலிடம் மூடியில்லாப் பெட்டிக்குத்தான். விரிவாகவே எழுதுகிறேன்.

24 செ.மீ. பக்கமுள்ள சதுரச் சார்ட் அட்டை. நான்கு மூலைகளிலும் x செ.மீ. சதுரம் வெட்டி எடுத்துவிட்டு, பக்கங்களை மேலே மடித்துச் செல்லோடேப் ஒட்டினால் பெட்டி. உயரம் x, அடிப்பக்கம் 24 − 2x. கொள்ளளவு x(24 − 2x)². ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு x, 1 முதல் 11 வரை.

கத்தரிக்கோலை எடுப்பதற்கு முன்னால் "எந்தப் பெட்டி அதிகம் கொள்ளும்?" என்று கேட்டு, ஒவ்வொருவரும் விடையை நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஊகிக்காமல் அளந்தால் எந்த எண் வந்தாலும் பிள்ளைக்கு ஒன்றுதான். பெரும்பாலோர் 8 என்று எழுதுவார்கள், ஏனென்றால் x = 8 ஆனால் நீளம், அகலம், உயரம் மூன்றும் 8, அழகான கனசதுரம். பெட்டியில் கம்பு நிரப்பி அளவுக் குடுவையில் கொட்டிப் பார்த்தால் 512 க.செ.மீ. தான் வரும். x = 4 பெட்டி கிட்டத்தட்ட ஒரு லிட்டர், கணக்குப்படி 1024. கனசதுரம் சரியாகப் பாதி! வகுப்பே சத்தம் போடும். காரணத்தை அவர்களே தேடட்டும்: கனசதுரத்துக்கு வெட்டி எறிந்த நான்கு மூலைகளை அடுக்கிப் பார்த்தால் 256 ச.செ.மீ., மொத்த அட்டை 576.

ஒரு சின்ன விஷயம். கம்பு நிரப்பினால் சார்ட்டின் பக்கங்கள் வெளியே உப்பும், அளவு கொஞ்சம் கூடுதலாகக் காட்டும். இருவர் பக்கங்களை உள்ளங்கையால் தாங்கிப் பிடிக்க, ஒருவர் ஸ்கேலால் தலைதட்ட வேண்டும். அளந்த எண்ணும் கணக்கு எண்ணும் ஏன் வேறுபடுகின்றன என்று நோட்டில் ஒரு வரி எழுதச் சொல்வேன்.

பிறகு காகிதப் பட்டைகள். 20 க.செ.மீ.க்கு 1 செ.மீ. வீதம் நீளம் வெட்டி, சுவரில் x வரிசைப்படி நிறுத்தி ஒட்டினால் முப்படி வளைவரை கண்ணுக்குத் தெரியும். எண்கள் இதோ, வகுப்புக்குப் போகும்போது கையில் இருக்கட்டும்: 484, 800, 972, 1024, 980, 864, 700, 512, 324, 160, 44. இரண்டு முனையிலும் பூச்சியம்: x = 0 என்றால் மடிக்கவே இல்லை, x = 12 என்றால் அட்டையே மிச்சமில்லை. காரணியும் பூச்சியமும் ஒன்று என்பதை மாலைமணி சார் கேட்டாரே, அது இங்கேதான் உறைக்கும். பெட்டி காலியாகிற இடம்தான் காரணி பூச்சியமாகிற இடம்.

மாலைமணி:

அருமை சார். ஒரு சந்தேகம். x = 13 போட்டால் சூத்திரம் 52 என்று கொடுக்கிறதே? அப்படி ஒரு பெட்டி கிடையாது. பிள்ளைகள் கேட்டால்?

கட்டம்போட்டநோட்டு:

கேட்க வேண்டும் சார், கேட்காவிட்டால் நீங்களே கேளுங்கள். கோவைக்கு எல்லா x-உம் சம்மதம்தான், பெட்டிக்கு 0 முதல் 12 வரைதான் சம்மதம். (24 − 2x) வர்க்கத்தில் இருப்பதால் 12-ஐத் தாண்டினாலும் மதிப்பு மறுபடி மிகையாகிறது. வளைவரை 12-இல் அச்சை வெட்டாமல் தொட்டுவிட்டு மேலே திரும்புகிறது. 0-வில் வெட்டுகிறது, 12-இல் தொடுகிறது. ஒரே காரணி இரண்டு முறை வந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

இன்னொன்று, இதைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. "4-தான் உச்சம் என்று எப்படித் தெரியும்? 4.1 அதைவிட அதிகமாக இருந்தால்?" என்று ஒரு பையன் கேட்டான். வகைநுண்கணிதம் பதினொன்றில்தான் வருகிறது. ஆனால் ஒன்பதாம் வகுப்புச் சரக்கே போதும். 1024-இலிருந்து கொள்ளளவைக் கழியுங்கள்:

1024 − x(24 − 2x)² = −4(x³ − 24x² + 144x − 256)

உள்ளே இருப்பதை 4-ஆல் தொகுமுறை வகுத்தல் செய்தால் கெழுக்கள் 1, −20, 64, மீதி 0. மறுபடி 4-ஆல் வகுத்தால் 1, −16, மீதி 0. ஆக மொத்தம் 4(x − 4)²(16 − x). வர்க்கம் குறை எண் ஆகாது, x 16-ஐத் தாண்டாதவரை 16 − x-உம் குறை எண் ஆகாது. எனவே எந்தப் பெட்டியும் 1024-ஐத் தாண்ட முடியாது. தொகுமுறை வகுத்தல் எதற்கு என்று கேட்டீர்களே, இதற்குத்தான். கேட்ட பையன் தானே போர்டில் வந்து போட்டான்.

பத்தாம்வகுப்புஅம்மா:

படித்துவிட்டு வீட்டில் மகளோடு செய்தோம். அவளும் 8 என்றுதான் எழுதினாள். அவள் கேட்கச் சொன்ன கேள்வி: பட்டைகளின் தலையை இணைக்கும்போது நேர்கோடாக இணைக்கலாமா, வளைவாகவா?

அம்பத்தூர்கணக்கு:

நல்ல கேள்வி கேட்டிருக்கிறாள், அவளுக்கு என் வாழ்த்து. விளையாட்டுத் திடலில் செய்து பார்க்க வேண்டிய விஷயம் இது. தரையில் சுண்ணாம்பால் இரண்டு அச்சும் போட்டு, −3 முதல் 3 வரை ஏழு பேரை x அச்சில் நிறுத்துங்கள். y = x² − 4. ஒவ்வொருவரும் தன் எண்ணைப் போட்டுக் கணக்கிட்டு அத்தனை அடி முன்னே அல்லது பின்னே நடக்க வேண்டும்: 5, 0, −3, −4, −3, 0, 5. நகராமல் நிற்கிற இருவர்தான் பூச்சியங்கள்! அதைச் சொல்லி அவர்களுக்குக் கைதட்டுங்கள். எல்லோரும் ஒரு கயிற்றைப் பிடித்தால் முனை முனையாக உடைந்து நிற்கும். இப்போது அரைகளுக்கு ஆட்களை அனுப்புங்கள். 0.5-க்குப் போகிறவன் −3.75-இல் நிற்பான். கயிறு நேராகப் போனால் அங்கே −3.5 இருக்க வேண்டும். கயிற்றை அவன் கீழே இழுக்க வேண்டியிருக்கிறது. ஆட்கள் கூடக் கூட முனைகள் மழுங்கும். எட்டு மார்க் கேள்வியில் ஸ்கேல் வைத்துப் பரவளையம் (இருபடிக் கோவையின் வளைவரை) வரைந்து மார்க் இழக்கும் பிள்ளைகளுக்கு இது நல்ல மருந்து.

புள்ளிக்கோலம் (மயிலாப்பூர்):

நான் கணக்கு எம்.எஸ்ஸி., இப்போது வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறேன். எல்லாரும் பரப்பும் கொள்ளளவுமாகச் சொல்கிறீர்கள். நான் எண்ணிக்கையிலிருந்து வருகிறேன். மார்கழியில் வடக்கு மாட வீதிப் பக்கம் போனால் கண்ணில் படுவதெல்லாம் இந்தப் பாடம்தான்.

நேர்ப்புள்ளிக் கோலம்: நடுவரிசை 7, இரண்டு பக்கமும் 5, 3, 1. மொத்தம் 25 புள்ளி. நடுவரிசை 1, 3, 5, 7, 9 என்று வளர்த்தால் மொத்தம் 1, 5, 13, 25, 41. அடுத்தடுத்த வித்தியாசம் 4, 8, 12, 16. அதன் வித்தியாசம் 4, 4, 4. இரண்டாம் வித்தியாசம் மாறாமல் நின்றால் இருபடிக் கோவை, x²-இன் கெழு அதில் பாதி. n-ஆவது கோலத்துக்கு 2n² − 2n + 1.

இடைப்புள்ளிக் கோலம்: நடுவில் 7, பிறகு 6, 5, 4 வரை. மொத்தம் 37. சிறிதிலிருந்து வந்தால் 1, 7, 19, 37. இரண்டாம் வித்தியாசம் 6, கோவை 3n² − 3n + 1. இந்த எண்களை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போகச் சொல்லுங்கள்: 1, 8, 27, 64. கன எண்கள்! சொல்லாமல் கூட்ட மட்டும் சொல்லிவிட்டு முகங்களைப் பாருங்கள்.

முப்படிக்கு எலுமிச்சை. கோயம்பேட்டில் பழக்கடைக்காரர் அடுக்குவதுபோல மேலே 1, அடுத்த தட்டில் 4, அடுத்து 9, 16. மொத்தம் 1, 5, 14, 30, 55. மூன்றாம் வித்தியாசம்தான் மாறாது, அது 2. வகுப்புக்கு எலுமிச்சை கொண்டுபோனால் உருளும், கோலிக்குண்டும் அப்படித்தான். சோடா பாட்டில் மூடிகளைத் தட்டுத் தட்டாக அடுக்கினால் நிற்கும்.

சார்லஸ் பாபேஜ் 1822-இல் முன்வைத்த வித்தியாச எந்திரமே இந்த வித்தியாச அட்டவணைதான். பெருக்கலே இல்லாமல், கூட்டலை மட்டும் வைத்துப் பல்லுறுப்புக் கோவையின் மதிப்புகளை ஒவ்வொன்றாகக் கக்கும் எந்திரம். அட்டவணையைக் கீழே நீட்டி அடுத்த எண்ணைக் கண்டுபிடிக்கும்போது பிள்ளை அந்த எந்திரத்தின் வேலையைச் செய்கிறது.

ஓய்வுபெற்றசாக்பீஸ் (திருவல்லிக்கேணி):

இளையவர்கள் இவ்வளவு அக்கறையோடு பேசுவது மகிழ்ச்சி தருகிறது. சென்னையில் இதற்கு ஒரு மரபு உண்டு. இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் 1965-இல் இங்கேதான் தொடங்கியது. ராயபுரத்தில் ராமானுஜன் அருங்காட்சியகம் அமையக் காரணமாயிருந்த பி.கே. சீனிவாசன் அவர்களும் பள்ளிக்கூடக் கணக்கு வாத்தியார்தான். கிடைத்த எளிய பொருளை வைத்தே கணக்கைக் காட்டியவர்.

நான் சொல்லவந்தது வேறொன்று. தொங்கும் சங்கிலியைக் காட்டிப் பரவளையம் என்று சொல்லும் வழக்கம் சில வகுப்புகளில் இருக்கிறது. தொங்கும் சங்கிலியின் வடிவம் பரவளையம் அன்று. அது வேறு வளைவரை என்று 1691-இல் ஹைகன்ஸ், லைப்னிட்ஸ், யோகான் பெர்னூலி மூவரும் நிறுவிவிட்டார்கள். புள்ளிக்கோலம் அம்மையார் சொன்ன வித்தியாச அட்டவணையாலேயே மாணவர் இதைச் சோதிக்கலாம். சங்கிலியை நன்றாகத் தொய்யவிட்டு, பின்னால் வரைபடத்தாள் ஒட்டி, 5 செ.மீ.க்கு ஒரு முறை உயரத்தைப் படிக்க வேண்டும். இரண்டாம் வித்தியாசம் நடுவில் சிறிதாகவும் ஓரங்களில் பெரிதாகவும் வரும். தொய்வு குறைவாக இருந்தால் வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது.

உண்மையான பரவளையம் வேண்டுமானால் நீர்த்தாரை. பிளாஸ்டிக் பாட்டிலின் பக்கவாட்டில், அடிக்குச் சற்று மேலே துளையிட்டால் தண்ணீர் பாயும். கட்டம் போட்ட அட்டைக்கு முன்னால் பாயவிட்டு, கைபேசியை நேர் எதிரே வைத்து ஒரு படம். அட்டையிலிருந்து எண்களைப் படித்தால் இரண்டாம் வித்தியாசம் ஏறக்குறைய ஒன்றாக நிற்கும். நெருக்கமான இடைவெளியில் படிக்க வேண்டாம். வாசிப்பில் அரை மி.மீ. பிசகினாலும் இரண்டாம் வித்தியாசத்தில் அது 2 மி.மீ. வரை பெருகிவிடும்.

மாலைமணி:

நன்றி அய்யா. வித்தியாச அட்டவணைதான் இவை எல்லாவற்றையும் கோக்கிற நூல் என்று இப்போது படுகிறது. பெட்டி எண்களைப் போட்டுப் பார்த்தேன், மூன்றாம் வித்தியாசம் 24 என்று நிற்கிறது.

பாடம் முடிந்த பிறகு கடைசிப் பத்து நிமிடத்துக்கு ஏதாவது உண்டா? பொருள் எதுவும் வேண்டாத ஒன்று.

புள்ளிக்கோலம்:

இரண்டு சொல்கிறேன்.

ஒன்று, ரகசியக் கோவை. ஒரு மாணவி குறை எண் இல்லாத முழு எண் கெழுக்களோடு ஒரு கோவையை மனசில் நினைத்துக்கொள்ளட்டும், கெழு ஒவ்வொன்றும் 100-க்குக் கீழே. நீங்கள் x = 100 போட்டால் என்ன மதிப்பு என்று மட்டும் கேளுங்கள். 30205 என்றால் 3x² + 2x + 5. இரண்டிரண்டு இலக்கமாக வெட்டிப் படித்தால் போதும். இடமதிப்பே ஒரு பல்லுறுப்புக் கோவைதான் என்று அவர்களாகக் கண்டுபிடிக்கும்வரை வித்தையை உடைக்காதீர்கள்.

இரண்டு, மூவர் பூட்டு. பெட்டியைத் திறக்கும் எண் 7. மூன்று பேரும் கூடினால்தான் தெரிய வேண்டும், இரண்டு பேர் சேர்ந்தாலும் தெரியக் கூடாது. 2x² + 3x + 7 என்று ஒரு கோவையை எடுத்து, முதலாமவரிடம் x = 1-இன் மதிப்பு 12, இரண்டாமவரிடம் 21, மூன்றாமவரிடம் 34. மூவரும் சேர்ந்தால் வித்தியாசம் 9, 13. இரண்டாம் வித்தியாசம் 4. அட்டவணையைப் பின்னோக்கி நீட்டினால் முந்தைய வித்தியாசம் 5, ஆகவே x = 0-வில் 7. இருவர் மட்டும் இருந்தால் அந்த இரண்டு புள்ளி வழியாக எத்தனையோ பரவளையம் போகும், எது என்று தெரியாது. கணினி அறிஞர் அடி ஷமீர் 1979-இல் வெளியிட்ட ரகசியப் பகிர்வு முறையின் கரு இதுதான். பிள்ளைகளிடம் அதைச் சொன்னால் நிமிர்ந்து உட்காருவார்கள்.

அம்பத்தூர்கணக்கு:

மூவர் பூட்டு நாளைக்கே என் வகுப்பில். நான்காம் படிக்கு ஏதாவது உண்டா? நீளம், பரப்பு, கொள்ளளவு தாண்டினால் தொட்டுக் காட்டப் பொருள் இல்லையே என்று எனக்கு ரொம்ப நாளாக ஒரு குறை.

கட்டம்போட்டநோட்டு:

சதுரங்கப் பலகை இருக்கிறதே மேடம். இப்போது எந்த வகுப்பிலும் செஸ் ஆடுகிற பிள்ளை நாலு பேராவது இருப்பார்கள். பலகையில் எத்தனை செவ்வகம் என்று கேளுங்கள், சதுரங்களும் சேர்த்துத்தான். நேராக 8×8-ஐ எண்ணப் போனால் குழம்பும். 1×1, 2×2, 3×3, 4×4 கட்டங்களை நோட்டில் வரைந்து எண்ணினால் 1, 9, 36, 100. 5×5-க்கும் எண்ணிவிட்டால் 225. வித்தியாசம் போட்டுக்கொண்டே போனால் நான்காம் வரிசையில் 6 வருகிறது. ஒற்றை எண்ணாக இருப்பதால் அது மாறாமல் நிற்கிறது என்று அதைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது, 6×6-க்கும் எண்ணி 441 வருகிறதா என்று சரிபார்க்கட்டும். நெடுக்குக் கோடுகளில் இரண்டு, குறுக்குக் கோடுகளில் இரண்டு தேர்ந்தெடுத்தால் ஒரு செவ்வகம், எனவே n(n + 1)/2-இன் வர்க்கம் என்று பிறகு காட்டலாம். 8×8-க்கு 1296.

சதுரங்களை மட்டும் எண்ணினால் 1, 5, 14, 30 என்று போய் 8×8-க்கு 204. புள்ளிக்கோலம் மேடத்தின் எலுமிச்சை அடுக்கில் எட்டுத் தட்டு வைத்தாலும் அதே 204 பழம். இது ஏன் என்று கேட்டுவிட்டு மணி அடிக்கும்வரை நான் வாயைத் திறப்பதில்லை.